‘கன்சென்ட்’ என்று நான் சொன்னது

நீங்கள் அனுப்பிய பட்டியல் வந்தது. கோர்ட்டில் அடிக்கடி புழங்கும் இங்கிலீஷ் சொற்கள் ஒரு பக்கம், அவற்றுக்குத் தமிழ் இன்னொரு பக்கம். இந்த மராத்தி ஊரில், வாகட்டிலும் மகர்பட்டாவிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைகள் நீங்கள். லீவு போட்டுவிட்டு வந்து, பாஷை தெரியாமல் கோர்ட்டில் விழிக்கிற நம் ஆட்களுக்காக மொழிபெயர்க்கிறீர்கள். நல்ல காரியம். பட்டியலைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் ‘கன்சென்ட்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘சம்மதம்’ என்று ஒரே வார்த்தையைப் போட்டு, முடிந்தது என்று பச்சை நிறம் அடித்திருக்கிறீர்கள். அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் ஆன்ட்டி என்று எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் வீரப் பிரதாபங்களைக் கேட்க வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், சாயாவோடு அளக்கிறேன். எழுத்தில் இருக்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நீட்டுகிற தாளில் இந்தச் சொல் இருக்கிறது. வழக்கை இழுக்காமல் இரு தரப்பும் எழுதிக்கொள்கிற உடன்பாட்டுக்கும் ‘கன்சென்ட் டெர்ம்ஸ்’ என்றுதான் பெயர். அதை வைத்துக் கோர்ட் போடுகிற உத்தரவிலும் இதே சொல் வரும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்து பிரித்துவிடுங்கள் என்று கேட்டால் அதிலும் வரும். இடத்துக்கு ஏற்றபடி இசைவு, ஒப்புதல், உடன்பாடு, சம்மதம் என்று தமிழில் மாற்றி மாற்றி எழுதலாம். அது பெரிய விஷயமில்லை. ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றுக்கொண்டால்தான் அது கன்சென்ட். மிரட்டி வாங்கினாலும், ஏமாற்றி வாங்கினாலும், தப்பாகப் புரிந்துகொண்டு கொடுத்தாலும் அது சுதந்திரமான கன்சென்ட் ஆகாது.

நம் வீடுகளில் இப்படியா நடக்கிறது? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லிப் பெண்களை மணவறையில் உட்கார வைத்த கூட்டம் நாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது சம்மதமா என்று என் அப்பாவிடம் கேட்டார்கள், அவரும் சம்மதம் என்றார். நான் உள்ளே பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்தேன். நம் பெண்களிடம் நேராகக் கேட்டால் நேராகப் பதில் வராது. ‘உங்க இஷ்டம்’ என்பார்கள். ‘பாக்கலாம்’ என்பார்கள். ‘நான் என்னத்தச் சொல்ல’ என்பார்கள்.

இதையெல்லாம் ஆமாம், இல்லை என்று இங்கிலீஷில் மாற்றித் தருவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாலு தலைமுறையாகக் கண்டோன்மென்ட் பக்கம் இருக்கிறது. தமிழ் வீட்டில், மராத்தி தெருவில், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். டீச்சர் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட் மொழிபெயர்ப்புக்கு வந்தேன். சாட்சிக் கூண்டில் நிற்கிற ஆள் ஊர்க்கதை முழுக்கச் சொன்னாலும் ஒரு வரியில் சுருக்கிவிடுவேன். வக்கீல்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். மேடம் வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பார்கள். எனக்கும் அது போதையாக இருந்தது, சொல்வதற்கென்ன.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. எந்தக் கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. தப்பு கோர்ட்டினுடையது அல்ல, என்னுடையது.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவில் பக்கம். புருஷன் தளேகாவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி வந்து ஏழு வருடம் தளேகாவில் இருந்திருக்கிறாள். காய்கறிக்காரனிடம் பேச ஹிந்தி தெரியும், கோர்ட்டில் பேசத் தெரியாது. ஒரு பெண் குழந்தை, ஆறு வயது, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படித்தது. புருஷனுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, மூன்றாவது தடவை இருவரும் பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவனும் வாடிப்போய்த்தான் வந்து நின்றான். செல்விக்குத் துணையாக ஊரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பேசியது எல்லாம் அவர்தான்.

இரு தரப்புக்கும் ஒரே வக்கீல். அவர் என்னை ஏற்பாடு செய்திருந்தார். வழக்கம் என்னவென்றால், கன்சென்ட் டெர்ம்ஸை மொழிபெயர்ப்பாளர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சம்பந்தப்பட்டவருக்கு அவர் பாஷையில் படித்து விளக்க வேண்டும். பிறகு ‘தமிழில் விளக்கிச் சொன்னேன், புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்’ என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆற அமரச் செய்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். எனக்கு அன்று மாடியில் இன்னொரு வழக்கு இருந்தது.

தாளைப் பிரித்தேன். அண்ணன் என் பக்கம் குனிந்து, தானே தங்கைக்கு வரிக்கு வரி சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். குழந்தை அப்பாவிடம் இருக்கும், மாதம் ஒரு ஞாயிறும் மே மாத லீவில் பாதியும் அம்மாவிடம் இருக்கும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அதை என் கண் பார்த்தது, வாய் படிக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ‘விளக்கிச் சொன்னேன்’ என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயர். இன்றைக்கும் அந்தத் தாள் எங்கேயோ ஒரு ஃபைல் கட்டுக்குள் இருக்கும்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு மராத்தி அம்மா, நல்ல பொறுமைசாலி. குழந்தை தகப்பனாரிடம் இருப்பதற்கு இவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தன் மனப்பூர்வமாகக் கன்சென்ட் தருகிறாரா, கேளுங்கள் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். எவ்வளவு தெளிவான கேள்வி பாருங்கள். குழந்தை இருக்கிறது, தகப்பன் இருக்கிறான், வற்புறுத்தல் இருக்கிறது, மனம் இருக்கிறது. நான் தமிழில் என்ன கேட்டேன் தெரியுமா?

“எழுதியிருக்கதுக்கெல்லாம் சம்மதம்தானம்மா?”

செல்வி திரும்பி அண்ணனைத் தேடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“பரீட்ச முடிஞ்சதும் பாப்பா வந்துருவான்னு அண்ணன் சொல்லுதான். அண்ணன் சொன்னா சரிதான்க்கா.”

“யெஸ், மேடம். ஷீ கன்சென்ட்ஸ்” என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். பரீட்சை முடிந்தால் என்று அவள் சொன்னது மே லீவைத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தாளில் மே லீவு இருக்கிறது, அவள் வாயிலும் பரீட்சை இருக்கிறது, பொருந்திவிட்டது. அவளுக்காக நானே யோசித்து, அவளுக்காக நானே புரிந்துகொண்டு, அவளுக்காக நானே பதிலும் சொன்னேன். நாம் தொழிலில் செய்கிற தப்புகளிலேயே பெரியது இதுதான். வார்த்தை தெரியாமல் திணறுகிறவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். எல்லாம் தெரிந்த மிதப்பில் இருக்கிறவள்தான் குடியைக் கெடுப்பாள்.

நீதிபதிக்குப் பக்கத்தில் டைப் செய்கிற ஸ்டெனோ அம்மா ஒருத்தர் இருந்தார். எனக்குப் பல வருடப் பழக்கம். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. நான் இறங்கி வரும்போது, அந்தப் பெண் இவ்வளவு நேரம் பேசினாளே, நீங்கள் இத்தனூண்டு சொன்னீர்களே என்று மராத்தியில் கேட்டார். பாஷை தெரியாதவருக்குக் கணக்கு இடிக்கிறது, பாஷை தெரிந்த எனக்கு இடிக்கவில்லை. தமிழ் அப்படித்தான், சுற்றி வளைத்துத்தான் பேசும் என்று சிரித்தேன். என் தப்புக்குத் தாய்மொழியின் மேல் பழி போட்டேன், பிள்ளைகளே.

வெளியே வராந்தாவில் செல்வி என் பின்னாலேயே வந்தாள். அண்ணன் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பார்க்காத சமயம் பார்த்துத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

“அக்கா, ஏப்ரல்ல நான் பாப்பாவக் கூட்டிட்டுப் போக வரும்போது ஸ்கூல்ல இந்தத் தாளக் காட்டினாப் போதுமா? டி.சி. குடுத்துருவாங்களா? ஊர்ல ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கணும்லா.”

டி.சி. என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லீவுக்குக் கூட்டிப் போகிறவள் டி.சி. கேட்க மாட்டாள். படிப்பு வருடம் முடியும் வரை மட்டும் குழந்தை இங்கே இருக்கும், பிறகு தன்னோடு வந்துவிடும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். குழந்தையைக் கொடுப்பதற்கு அவள் சம்மதிக்கவே இல்லை. பிற்பாடு தெரிந்தது, குழந்தை இல்லாமல் வந்தால் தங்கையை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் திட்டம் போட்டிருந்தார்.

கோர்ட் அறையின் கதவு எனக்குப் பின்னால்தான் இருந்தது. பத்து எட்டு வைத்தால் போதும். நீதிபதி அம்மா இன்னும் மேடையில்தான் இருந்தார். மன்னிக்க வேண்டும், நான் தவறாகச் சொல்லிவிட்டேன், இன்னொரு முறை கேட்க அனுமதியுங்கள் என்று சொன்னால் முடிந்தது. திட்டு விழும், அவ்வளவுதான். பத்து எட்டு, பிள்ளைகளே! நான் வைக்கவில்லை. வக்கீல் முகம் போகிற போக்கை நினைத்தேன், என் பெயரை நினைத்தேன், விளக்கிச் சொன்னேன் என்று போட்ட கையெழுத்தை நினைத்தேன். “அதெல்லாம் வக்கீல்கிட்ட கேளும்மா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். மாடியில் அன்றைக்கு நன்றாகவே மொழிபெயர்த்தேன். அது இன்னும் கேவலம்.

வீட்டில் உட்கார்ந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரி வழக்கில் ஒரே நாளில் பிரித்துவிட மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தாரீக், அதாவது வாய்தா, கொடுத்து, திரும்பக் கூப்பிட்டு, இன்னும் அதே எண்ணம்தானா என்று கேட்பார்கள். அதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் கன்சென்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சட்டம் எவ்வளவு நல்லது பாருங்கள், என்னைப் போன்றவளுக்கும் ஆறு மாதம் அவகாசம் தருகிறது. அப்போது சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும் அவள் என்ன பாடுபடுவாள் என்பதைப் பற்றி நான் நினைக்கவில்லை. பொய் சொல்கிறேன், நினைத்தேன். நினைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் போன் வந்தது. தளேகாவ் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பேசினாள். என் எண்ணை வக்கீலிடம் வாங்கியிருக்கிறாள். குழந்தையைக் கூட்டிப் போக வந்தவளிடம் புருஷன் அந்தத் தாளைக் காட்டி, ஜட்ஜ் முன்னாடி ஒத்துக்கிட்டு இப்போ என்ன என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டதில் தப்பில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான், வாயை மூடிக்கொண்டு ஊர் வந்து சேர் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவள் என்னைத் திட்டுவதற்குக் கூப்பிடவில்லை. “அக்கா, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? பாப்பாவ விட்டுருதேன்னு நானாக்கா சொன்னேன்?” என்று கேட்டாள். தான் சொன்னது என்ன என்று என்னிடம் கேட்கிறாள். அவளுக்கு அவள் வார்த்தை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அதற்கு நான் சொன்ன பதில்: “கோர்ட்ல எல்லாம் எழுதி வச்சிருப்பாங்கம்மா. அடுத்த தாரீக்ல பேசிக்கலாம்.”

சரிக்கா என்றாள். அவளுக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு மராத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. ஆண்டவரிடம் எந்த முகத்தோடு பேசுவது?

இரண்டாவது தாரீக் நெருங்கியது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். கடைசியில் போனேன். மனசாட்சி உந்தித் தள்ளியது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் போகாவிட்டால் வேறு ஒருவரைக் கூப்பிடுவார்கள், அவர் ஒழுங்காகக் கேட்பார், அவள் ஒழுங்காகப் பதில் சொல்வாள், என் குட்டு உடைந்துவிடும். அந்தப் பயத்தில்தான் போனேன். உங்களுக்கு உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்த பிறகு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

செல்வி பாதியாகிவிட்டிருந்தாள். அண்ணன் அதே வெள்ளைச் சட்டை. எங்களைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை நான் ஒரு சொல் விடாமல் தமிழில் கேட்டேன். பாப்பா அவங்க அப்பாகிட்டயே இருக்கிறதுக்கு, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தாம, உன் மனசார சம்மதிக்கிறியா என்று கேட்டேன். அவள் அழுவாள், இல்லை என்று கத்துவாள், நான் அதை மொழிபெயர்த்துவிட்டால் எல்லாம் தானாகவே சரியாகிவிடும், என் தப்பு வெளியே வராமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை இருந்தது.

அவள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்களோ அதுதான்க்கா. மாத்திச் சொன்னா ஜெயில்ல போட்டுருவாங்கன்னு அண்ணன் சொல்லுதான்.”

நீதிபதி அம்மா எனக்காகக் காத்திருந்தார். ஸ்டெனோ அம்மாவின் விரல்கள் கீபோர்டு மேல் நின்றன. இங்கே ஒரு ‘யெஸ்’ சொன்னால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். அண்ணனும் புருஷனும் ‘யெஸ்’ வந்தால் நிம்மதியாகப் போவார்கள். செல்விக்கு இங்கிலீஷ் தெரியாது. மீதி நான்.

வாய் திறந்தேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். அன்று இந்த மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னாரோ அதுதான் தன் பதில் என்கிறார், மாற்றினால் சிறையில் போடுவார்கள் என்று அண்ணன் சொல்கிறாராம் என்று முழுதாகச் சொன்னேன்.

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டார். கேள்வி கடைசியில் என்னிடமே வந்துவிட்டது. சொன்னேன். அன்று அவர் கன்சென்ட் தரவில்லை, பரீட்சை முடிந்ததும் குழந்தை தன்னிடம் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு, அண்ணன் சொன்னால் சரி என்றுதான் சொன்னார், யெஸ் என்றது நான், தாளைப் படித்து விளக்கியதாகக் கையெழுத்துப் போட்டதும் படிக்காமல் போட்டது, வெளியே போனதுமே தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது, ஆறு மாதமாகச் சொல்லவில்லை. எல்லாம் இங்கிலீஷில் சொன்னேன். ஸ்டெனோ அம்மா ஒன்று விடாமல் டைப் செய்தார். வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை.

நீதிபதி அம்மா கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “தும்ஹி பஸா” என்றார் மராத்தியில். உட்காருங்கள். அவ்வளவுதான். வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கச் சொல்லி மதியத்துக்கு வழக்கைத் தள்ளி வைத்தார். மதியம், அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, செல்வியிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்கள். பிரிவதற்குச் சம்மதம், பிள்ளையை விடுவதற்குச் சம்மதமில்லை என்று அவள் சொன்னாளாம். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கோர்ட்டில் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாதுதான்.

குழந்தை யாரிடம் இருப்பது என்று தனி வழக்கு நடந்தது. ஒன்றரை வருடம். வழக்கு முடியும் வரை குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. காரணம் கேட்டால் வெட்கம். அந்த ஆறு மாதத்தில் குழந்தை அப்பாவோடு பழகி, அங்கேயே அடுத்த வகுப்பும் போய்விட்டது, இப்போது பிடுங்கி நட வேண்டாம் என்றார்கள். அந்த ஆறு மாதம் யார் கொடுத்தது? மாதம் ஒரு ஞாயிறு பார்க்கப் போகும்போது, குழந்தை அம்மாவிடம் ஹிந்தியில் பேச ஆரம்பித்திருந்ததாம். செல்வி எனக்குப் போனில் சொன்னாள். கடைசியில் குழந்தை செல்வியிடம் வந்தது. இப்போது ஊரில் படிக்கிறது. லீவுக்கு அப்பாவிடம் வருகிறது.

ஆகவே ஆன்ட்டி கடைசியில் தைரியமாக உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நீங்கள் கைதட்டிவிடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் இதுவரை யாரிடமும் சொல்லாததை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அன்று மதியம் விசாரணை முடிந்து செல்வி வெளியே வந்தாள். நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் பார்த்தது இவ்வளவுதான்: காலையில் அவள் ஒரு வரி சொன்னாள், நான் ஜட்ஜ் அம்மாவிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினேன், பேசும்போது என் குரல் உடைந்தது, அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர் கேள்விகளைத்தான் மொழிபெயர்த்தார். நான் காலையில் சொன்னதை அவளுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். அதுதான் என் வேலையே.

“எனக்காக ஜட்ஜம்மாகிட்ட எவ்வளவு நேரம் பேசுனீங்கக்கா. கூடப் பிறந்தவன்கூட எனக்காக ஒரு வார்த்த பேசல” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றேன். நம் ஆட்கள் நன்றி சொல்லும்போது அடக்கமாகச் சொல்வோமே, அப்படியே. அவள் அதை அடக்கம் என்றே எடுத்துக்கொண்டாள். கையில் கண்ணை ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இங்கிலீஷில் ஒப்புக்கொண்டது எனக்குச் சுலபமாக இருந்தது, இப்போது யோசித்தால் புரிகிறது. நீதிபதியிடம் சொன்னது தொழில் தவறு. செல்வியிடம் தமிழில் சொல்லியிருந்தால் அது, உன் பிள்ளையை உன்னிடமிருந்து பிரித்தது நான்தான் என்று இருந்திருக்கும்.

உங்களுக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். பட்டியலில் ‘சம்மதம்’ என்றே இருக்கட்டும், சொல் சரிதான். அந்தப் பச்சையை மட்டும் அழித்துவிடுங்கள். எதிரே நிற்பவர் ஒரு பத்தி பேசினால் ஒரு பத்தியாகவே சொல்லுங்கள், நீதிபதி கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை. ‘அண்ணன் சொன்னா சரிதான்’ என்றால் அதையே சொல்லுங்கள். அது ஆமாமா இல்லையா என்று கண்டுபிடிப்பது நீதிபதியின் வேலை. படித்து விளக்க நேரம் கொடுக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், வக்கீல் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தப்பு செய்துவிட்டீர்களா, கதவு பக்கத்தில் இருக்கும்போதே திரும்பிப் போங்கள். அதோடு, யாருக்குத் தப்பு செய்தீர்களோ அவருக்கு அவர் பாஷையில் சொல்லுங்கள். இந்தக் கடைசி ஒன்றை நான் செய்ததில்லை.

செல்வி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்வாள். அக்கா, ஹேப்பி கிறிஸ்துமஸ் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசுவாள். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். கேக் சாப்பிட்டாச்சா என்று கேட்பாள், சாப்பிட்டாச்சும்மா என்பேன், பேச்சு முடிந்துவிடும்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் பேசினாள். இப்போது பெரிய பெண். ஊர்த் தமிழ் நன்றாக வந்துவிட்டது. “ஆன்ட்டி, நீங்கதான் என்னைய எங்கம்மாகிட்ட சேத்து வச்சீங்கன்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்க. தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள்.

இருக்கட்டும் கண்ணு, நல்லா படி என்றேன். அந்தக் குழந்தையின் நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.